விமானத்தில் பெறப்படும் வழிகாட்டுச் செயற்கைக்கோள் குறிகைகளும் வானிலை முன்கணிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ குறிகைகள் வளிமண்டலத்தின் ஊடே வரும்போது வளைகின்றன, சற்றே தாமதமாகின்றன. இடங்காணும் பொறியியலுக்குப் பிழையாகத் தோன்றும் இவ்வளைவு, காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் உணர்த்தும் அளவீடாகவும் அமைகிறது. பறக்கும் விமானத்தில் பெறுவியை வைத்து இவ்வளவீட்டைச் செய்யும் முறையின் இயற்பியல் அடிப்படை, அதன் வளர்ச்சி, இடர்ப்பாடுகள், வட அமெரிக்க மேற்குக் கரையில் அது பயன்பட்டுவரும் பாங்கு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எண்ணிக்கையில் செயற்கைக்கோள் அளவீடுகளை விஞ்ச இயலாத இம்முறை, வேண்டிய இடத்தில் வேண்டிய நாளில் அளவீட்டைத் தருவதாலேயே மதிப்புப் பெறுகிறது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ரேடியோ மறைப்பு, வளைகோணம், விலகுதிறன், நீராவி, வளிமண்டல ஆறு, தரவு உள்ளீர்ப்பு

முன்னுரை

கன்னியாகுமரிக் கடற்கரையில் மாலைக் கதிரவனைக் காண்போர், அதன் கீழ் விளிம்பு நீர்மட்டத்தைத் தொடுவதாகக் கருதும் நொடியில், வடிவியல் கணக்கின்படி கதிரவன் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கும். வளிமண்டலம் ஒளியை ஏறத்தாழ அரைப் பாகை அளவுக்கு வளைத்துவிடுவதால், மறைந்த கதிரவனையே நாம் இன்னும் மறையாததாகக் காண்கிறோம். அந்த அரைப் பாகை எல்லா நாளும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. காற்றின் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப அது சிறிது கூடும், குறையும். ஆகவே மறையும் பொருளிலிருந்து வரும் அலையின் வளைவைத் துல்லியமாக அளக்க இயன்றால், இடையிலுள்ள காற்றின் தன்மையைக் கணக்கிட்டுவிடலாம். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட முறையின் கரு இதுவே. கதிரவனின் இடத்தில் வழிகாட்டுச் செயற்கைக்கோளும், கண்ணின் இடத்தில் விமானத்திலுள்ள பெறுவியும் அமைகின்றன.

கலைச்சொல் குறித்து ஒன்று கூற வேண்டும். நம் பாடநூல்களில் 'ஒளிவிலகல்', 'ஒளிவிலகல் எண்' என்னும் சொற்கள் நிலைபெற்றுவிட்டன. இங்கு வளைவது கண்ணுக்குப் புலப்படும் ஒளியன்று. 19 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட ரேடியோ அலை. எனவே ஒளியை நீக்கி 'விலகல்', 'விலகல் எண்' என்றே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. ஒரு வான்பொருள் மற்றொன்றின் பின்னே செல்வதைக் குறிக்கும் 'மறைப்பு' என்னும் வானியல் சொல்லைச் செயற்கைக்கோள் புவியின் விளிம்புக்குப் பின்னே இறங்குவதற்கும் கொள்ளலாம். செயற்கைக்கோள் உதிக்கும்போது செய்யப்படும் அளவீடும் இத்துறையில் மறைப்பு என்றே கணக்கிடப்படுகிறது. சொல் பொருந்தாவிட்டாலும் இயற்பியல் ஒன்றே.

பிழை தரவாக மாறுதல்

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றுகின்றன. அவற்றின் முதன்மைக் குறிகை 1575.42 மெகாஹெர்ட்சிலும், இரண்டாவது 1227.60 மெகாஹெர்ட்சிலும் வருகின்றன. நேர் தலைக்கு மேலுள்ள செயற்கைக்கோளின் குறிகை வளிமண்டலத்தைக் கடக்கையில் உண்டாகும் தாமதம், தொலைவுக் கணக்கில் ஏறத்தாழ 2.3 மீட்டர். செயற்கைக்கோள் தொடுவானத்தை நெருங்க நெருங்கக் குறிகை கடக்க வேண்டிய காற்றின் நீளம் பெருகுகிறது, தாமதமும் பன்மடங்காகிறது. இதனால்தான் நில அளவையாளர்கள் தொடுவானத்திலிருந்து 10 அல்லது 15 பாகைக்குக் கீழே நிற்கும் செயற்கைக்கோள்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுகின்றனர். வானிலையாளருக்கு வேண்டியவை அவர்கள் ஒதுக்கிய குறிகைகளே.

செயற்கைக்கோளின் இடமும் வேகமும் நன்கு அறியப்பட்டவை. பெறுவியின் இடமும் வேகமும் அவ்வாறே அறியப்பட்டால், இடையில் காற்றே இல்லாத நிலையில் குறிகையின் கட்டம் எவ்வாறு மாறியிருக்கும் என்பதைக் கணக்கிடலாம். உண்மையில் அளந்த கட்டத்துக்கும் கணக்கிட்ட கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு காற்றினால் விளைந்தது. அவ்வேறுபாடு காலத்தோடு மாறும் வீதம், மிகை டாப்ளர் பெயர்ச்சி. அதிலிருந்து அலை எத்தனை பாகை வளைந்தது என்னும் வளைகோணம் கிடைக்கிறது. செயற்கைக்கோள் கீழிறங்கும்போது, அதற்கும் பெறுவிக்கும் இடைப்பட்ட அலைப்பாதை வளிமண்டலத்தின் மேலடுக்கிலிருந்து கீழடுக்கு நோக்கி ஒவ்வொன்றாகச் சீவிச் செல்கிறது. ஒவ்வொரு பாதையிலும் புவிக்கு மிக அருகில் வரும் இடத்தைத் தொடுபுள்ளி என்பர். அப்பாதையின் வளைவில் பெரும்பங்கு தொடுபுள்ளியைச் சுற்றியே நிகழ்கிறது. ஆதலால் வளைகோணத் தொடரை உயரவாரியான காற்றின் தன்மையாக மாற்ற இயலும்.

விலகுதிறனும் நீராவியும்

காற்றின் விலகல் எண் ஒன்றைவிட மிகச் சிறிதளவே கூடுதலானது. அந்தக் கூடுதலைப் பத்து லட்சத்தால் பெருக்கி விலகுதிறன் என வழங்குகின்றனர். அதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஹெக்டோபாஸ்கலில் அளந்த காற்றழுத்தத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து 77.6ஆல் பெருக்கக் கிடைப்பது முதலாவது. நீராவியின் பகுதியழுத்தத்தை வெப்பநிலையின் இருமடியால் வகுத்து 3,73,000ஆல் பெருக்கக் கிடைப்பது இரண்டாவது.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் அழுத்தம் 1000, வெப்பநிலை 300 கெல்வின், நீராவி அழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் எனக் கொண்டால் முதல் உறுப்பு 259, இரண்டாவது 124. விலகலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீராவியே உண்டாக்குகிறது. விமானம் பறக்கும் உயரத்தில், அழுத்தம் 200, வெப்பநிலை 220 கெல்வின் என்ற நிலையில், முதல் உறுப்பு 70ஐ ஒட்டியது. நீராவியின் பங்கு புறக்கணிக்கத்தக்கது. கீழ்மட்டத்தில் நீராவி அழுத்தம் ஓர் அலகு கூடினால் விலகுதிறன் நான்கு அலகுக்கு மேல் உயர்கிறது. வெப்பநிலை ஒரு கெல்வின் கூடினாலோ அது இரண்டு அலகுக்கும் குறைவாகவே தாழ்கிறது. மேலடுக்கில் இம்முறை வெப்பமானியாகவும் கீழடுக்கில் பெரும்பாலும் ஈரமானியாகவும் செயற்படுகிறது எனலாம்.

இவ்வேறுபாடு நன்மையும் சிக்கலும் ஆகும். ஒரே எண்ணிலிருந்து வெப்பநிலையையும் ஈரத்தையும் பிரித்தறிய முடியாது. வேறொரு தகவல் துணை வேண்டும். ஆனால் 19 சென்டிமீட்டர் அலைக்கு மேகமும் மழைத்துளியும் பெரிய தடையாவதில்லை. நுண்ணலைக் கதிர்வீச்சையும் அகச்சிவப்புக் கதிர்வீச்சையும் அளக்கும் செயற்கைக்கோள் கருவிகள் தடுமாறும் அடர்மேகத் திரளுக்குள்ளும் இது ஊடுருவி வருகிறது. கடுமையான வானிலை நிலவும் இடங்கள் அத்தகையவையே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

செவ்வாயிலிருந்து புவிக்கு

இம்முறை முதலில் பயன்பட்டது வேற்றுக் கோள்களை அறியவே. 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாய்க்குப் பின்னே சென்று மறைந்தபோது, அதன் ரேடியோ குறிகையில் நேர்ந்த மாற்றத்தைக் கொண்டு செவ்வாயின் காற்றழுத்தம் புவியினதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு எனக் கண்டறிந்தனர். சொந்தக் கோளின் காற்றை இம்முறையில் அளக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. புவியைச் சுற்றி நிலையான, துல்லியமான குறிகைமூலங்கள் வேண்டியிருந்தன, ஜி.பி.எஸ் தொகுதி நிறைவுற்றபோது அவை கிடைத்தன. 1995 ஏப்ரலில் ஏவப்பட்ட மைக்ரோலேப் 1 செயற்கைக்கோளில் இருந்த பெறுவி புவி வளிமண்டலத்தின் முதல் ஜி.பி.எஸ் மறைப்புகளைப் பதிவு செய்தது. 2006 ஏப்ரலில் தைவானும் அமெரிக்காவும் இணைந்து ஆறு செயற்கைக்கோள்கள் கொண்ட காஸ்மிக் தொகுதியை ஏவின. அதன் வழித்தொகுதி 2019 ஜூனில் விண்ணேறியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2009இல் ஏவப்பட்ட ஓஷன்சாட் 2, 2011இல் ஏவப்பட்ட மேகா டிராபிக்ஸ் ஆகிய இரண்டிலும் இத்தாலி நாட்டின் ரோசா என்னும் மறைப்புப் பெறுவி இடம்பெற்றது.

செயற்கைக்கோள்கள் இதனைச் செவ்வனே செய்யும்போது விமானம் எதற்கு என்னும் வினா இங்கு எழுவது இயல்பு.

விமானத்தின் தேவை

முதல் காஸ்மிக் தொகுதி தன் சிறந்த காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 மறைப்புகளைத் தந்தது. புவியின் மொத்தப் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால், தமிழ்நாட்டைப் போல் இருமடங்குப் பரப்புக்கு ஒரு நாளில் ஒரே ஒரு மறைப்பு என்ற கணக்கு வரும். அதுவும் எங்கு, எப்போது விழும் என்பது சுற்றுப்பாதைகள் கூடும் தற்செயலைப் பொறுத்தது. உலகு தழுவிய கணிப்புக்கு இப்பரவல் நல்லதே. ஆயின் பெருங்கடலில் இன்று உருவாகி, மூன்று நாளில் கரையேறப்போகும் ஒரு குறிப்பிட்ட அமைப்பின் உட்புறத்தை அறிய வேண்டுமெனில் தற்செயலை நம்பியிருக்க முடியாது. பின்வந்த தொகுதிகளும் தனியார் நிறுவனங்களின் சிறு செயற்கைக்கோள்களும் எண்ணிக்கையைப் பெரிதும் உயர்த்தியுள்ளன என்பது உண்மை. அவையும் இலக்கைத் தேர்ந்து அளப்பதில்லை.

விமானத்தை வேண்டிய இடத்துக்கு அனுப்பலாம். புயல்களையும் கடல்மேல் வானிலை அமைப்புகளையும் ஆராயும் விமானங்கள் டிராப்சோண்டு என்னும் சிறு அளவியைச் சிறிய வான்குடையுடன் கீழே விடுவது நெடுநாள் வழக்கம். அது விழும் வழியெங்கும் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அளந்து அனுப்பும். துல்லியத்தில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அது விமானப் பாதைக்கு நேர் கீழே உள்ளதை மட்டுமே காட்டும். ஒருமுறை விட்டது திரும்பாது. மக்கள் வாழும் நிலப்பரப்பின் மேலும் போக்குவரத்து மிக்க வான்வழிகளிலும் விருப்பம்போல் விட முடியாது. மறைப்பு அளவீடோ விமானத்திலிருந்து எதையும் வீழ்த்துவதில்லை, பக்கவாட்டில் நோக்குகிறது. 13 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விமானம் நேர்கோட்டில் செல்லும்போது, அதன் இருபுறமும் அந்தத் தொலைவு வரையுள்ள காற்று அளவீட்டின் வீச்சுக்குள் வந்துவிடுகிறது.

பயணிகள் விமானங்கள் ஏற்கெனவே வெப்பநிலையையும் காற்றையும் அளந்து வானிலை மையங்களுக்கு அனுப்பிவருகின்றன. அது வேறு. அங்கு விமானம் தான் இருக்கும் இடத்துக் காற்றையே அளக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே உயரவாரியான தரவு கிடைக்கும். பெருந்தொற்றினால் 2020இல் விமானப் போக்குவரத்து சுருங்கியபோது இத்தரவும் சுருங்கிற்று. அவ்வாண்டிலேயே ஐரோப்பிய நடுத்தொலைவு வானிலை முன்கணிப்பு மையம் தனியார் நிறுவனமொன்றின் செயற்கைக்கோள் மறைப்புகளையும் உள்ளீர்க்கத் தொடங்கியது.

கழித்தலின் வழி

செயற்கைக்கோளிலுள்ள பெறுவி வளிமண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. விமானமோ வளிமண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. விமானத்துக்கு மேலும் காற்று உண்டு. அதன் வளைவும் அளவீட்டில் கலந்துவிடும். நமக்கு வேண்டியது விமானத்துக்குக் கீழுள்ள அடுக்குகளின் பங்கு. இதனைப் பிரிப்பது எவ்வாறு?

1999இல் சுஃபாடா, ஹாஜ், குர்சின்ஸ்கி ஆகியோரும், 2002இல் ஹீலி, ஹாஸ், லெஸ்ன் ஆகியோரும் வெளியிட்ட கட்டுரைகள் இதற்குரிய கணித வழியைக் காட்டின. செயற்கைக்கோள் விமானத்தின் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்போது வரும் அலை, விமானத்துக்கு மேலுள்ள காற்றினால் மட்டுமே வளைகிறது. அது கிடைமட்டத்துக்குக் கீழே இறங்கிய பின் வரும் அலை, மேலிருந்து இறங்கித் தொடுபுள்ளியைத் தொட்டு, மீண்டும் உயர்ந்து விமானத்தை அடைகிறது. காற்று எல்லாத் திசையிலும் ஒரே அடுக்கமைப்பு உடையது எனக் கொண்டால், மேலே வந்த ஒவ்வோர் அலைக்கும் இணையான ஓர் அலை கீழே உண்டு. கீழ் அலையின் வளைவிலிருந்து மேல் அலையின் வளைவைக் கழித்தால், எஞ்சுவது விமானத்துக்குக் கீழுள்ள பகுதியின் வளைவு மட்டுமே. பின்னர், வளைகோணங்களை விலகுதிறனாக மாற்றும் ஏபெல் உருமாற்றத்தைக் கையாளலாம். விமானம் பறக்கும் இடத்தின் விலகுதிறனை அதன் சொந்த வெப்பநிலை, அழுத்த உணரிகளே தந்துவிடுவதால் கணக்குக்கு ஒரு தொடக்கப்புள்ளி கிடைக்கிறது. அயனி மண்டலத்தின் விளைவும் இக்கழித்தலில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. எளிய கழித்தல் இத்தனை வேலையைச் செய்வது இம்முறையின் அழகு என்பேன்.

விலையும் உண்டு. கிடைமட்டத்துக்கு மிக அருகில் மேல், கீழ் வளைவுகள் ஏறத்தாழச் சமமானவை. அவற்றின் வேறுபாடு மிகச் சிறிது. ஆதலால் விமான உயரத்தை ஒட்டிய அடுக்குகளில் இரைச்சல் மிகுந்துவிடுகிறது. மேலும் ஒரு செய்தி: தாழ்புவிச் சுற்றுப்பாதையில் விரையும் செயற்கைக்கோளுக்கு ஒரு மறைப்பு ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். மெதுவாகச் செல்லும் விமானத்துக்கு அது கால் மணி, அரை மணி எனவும் நீளும். அக்காலத்தில் தொடுபுள்ளி விமானத்தின் அருகிலிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பால் வரை விலகிச் செல்கிறது. ஆக, கிடைப்பது நட்டுவைத்த கம்பம் போன்ற செங்குத்துத் தரவன்று. சுவரில் சாய்த்த ஏணியைப் போன்றது. அதன் மேற்படி விமானத்தை ஒட்டியும் கீழ்ப்படி தொலைவிலும் அமைகின்றன. இதை மறந்து செங்குத்துத் தரவாகக் கொண்டால், நல்ல அளவீடும் தவறான இடத்தில் போய் அமர்ந்துவிடும்.

பெறுவியின் இடர்ப்பாடுகள்

விமானத்தின் வேகம் குறைவாதலால் காற்று உண்டாக்கும் மிகை டாப்ளர் பெயர்ச்சியும் சிறிது. அதைப் பிரித்தறிய விமானத்தின் வேகத்தை வினாடிக்குச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் அறிய வேண்டும். வினாடிக்கு 200 மீட்டருக்கு மேல் பறந்து, கொந்தளிப்பில் குலுங்கும் ஓர் ஊர்திக்கு இது கடுமையான நிபந்தனை. ஜி.பி.எஸ் தரவையும் நிலைமத் திசைகாட்டியின் தரவையும் இணைத்துப் பின்னர்க் கணக்கிடுவதன் மூலமே இத்துல்லியம் எட்டப்படுகிறது.

மற்றோர் இடர்ப்பாடு கீழடுக்கில் உள்ளது. ஈரமான காற்றில் விலகுதிறன் திடுமென மாறுவதால் குறிகை பல பாதைகளாகப் பிரிந்து, மங்கி, மீண்டும் சேர்கிறது. வழக்கமான பெறுவி முந்தைய நொடியின் கட்டத்தைப் பற்றிக்கொண்டே அடுத்த நொடியைத் தேடும். குறிகை மங்கியவுடன் பிடியை விட்டுவிடும். ஈரம் மிக்க பகுதியில்தான் தரவு வேண்டும். அங்குதான் பெறுவி கைவிடுகிறது. இதற்குத் தீர்வாகத் திறந்த சுற்றுத் தொடர்தல் என்னும் முறை வந்தது. குறிகையை அப்படியே மூலவடிவில் பதிவு செய்துகொண்டு, தரையிறங்கிய பின், எதிர்பார்க்கும் டாப்ளர் பெயர்ச்சியைக் கணக்கிட்டு அதனைத் துணையாகக் கொண்டு தேடுகின்றனர்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ஹாஸ், ஜேம்ஸ் கேரிசன் ஆகியோர் குழு உருவாக்கிய கிஸ்மாஸ் என்னும் கருவித்தொகுதி இம்முறைக்கு வழிகாட்டியாயிற்று. வெப்பமண்டலப் புயல்கள் உருவாகும் முன்னைய நிலையை ஆராய 2010இல் கரீபியக் கடற்பகுதியில் நடந்த பிரெடிக்ட் களப்பணியில், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கல்ஃப்ஸ்ட்ரீம் 5 விமானத்தில் அது பறந்தது. பின்னர்க் கார்ல் எனப் பெயர்பெற்ற புயல், வெறும் மேகத் திரளாக இருந்த நாள்களிலேயே அளக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அது மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதியைத் தாக்கியது. அத்தரவைக் கணிப்பு மாதிரியில் உள்ளீர்த்துக் கார்ல் புயலின் முன்கணிப்பில் அதன் விளைவைச் சோதித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. எட்டு ஆண்டு இடைவெளி இத்துறையின் உழைப்பைக் காட்டுகிறது. ஒரே ஒரு புயலைக் கொண்டு ஒரு முறையின் தகுதியை நிறுவ இயலாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வளிமண்டல ஆறுகளும் அணையின் கதவும்

இம்முறை தொடர்ச்சியாகப் பணியாற்றும் களம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. பசிபிக் பெருங்கடலின் மேல், வெப்பமண்டலத்தின் பக்கமிருந்து கரை நோக்கி நீளும் ஈரக்காற்றுப் பட்டையை வளிமண்டல ஆறு என்கின்றனர். நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அகலம் சில நூறு கிலோமீட்டர். சராசரியான ஒரு வளிமண்டல ஆறு சுமக்கும் நீராவி, அமேசான் ஆற்றின் நீரோட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கலிஃபோர்னியாவின் ஆண்டு மழையிலும் பனியிலும் ஏறத்தாழப் பாதி வரை சில வளிமண்டல ஆறுகளே தந்துவிடுகின்றன. அவை வராவிடில் வறட்சி. மிகுதியாக வந்தால் வெள்ளம்.

இதன் பொருள் மெண்டசினோ ஏரி என்னும் நீர்த்தேக்கத்தின் வரலாற்றில் தெளிவாகும். ரஷ்யன் ஆற்றின் கிளையில் அமைந்த இத்தேக்கத்தில், வெள்ளத்தை ஏற்பதற்காக ஒரு பகுதியைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2012 டிசம்பரில் வந்த மழையால் நீர்மட்டம் அப்பகுதிக்குள் ஏறியது. விதிப்படி நீர் வெளியேற்றப்பட்டது. அடுத்த 2013ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் பதிவான நாள்காட்டி ஆண்டுகளுள் மிக வறண்டதாக அமைந்தது. வெளியேற்றிய நீர் திரும்பவில்லை. விதியை வகுத்தோர் மீது குறை காண இயலாது. வரும் நாள்களில் மழை வருமா வராதா என்பதை நம்பத்தக்க வகையில் கூற முடியாத காலத்து விதி அது. முன்கணிப்பைக் கொண்டு நீர்த்தேக்கத்தை இயக்கும் திட்டம் இதன் பின்னரே அங்கு உருவாயிற்று. சென்னையில் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் கதவுகளைத் திறந்தது குறித்து எழுந்த விவாதங்களை அறிந்தோர்க்கு இச்சிக்கல் புதிதன்று: முன்னதாகத் திறந்தால் நீர் வீணாகலாம், காலந்தாழ்த்தித் திறந்தால் ஆறு பெருகலாம்.

வளிமண்டல ஆறு கரையேறும் இடம் நூறு கிலோமீட்டர் விலகினாலும் மழை வேறோர் ஆற்றுப்படுகையில் விழும். ஆகவே கடலின் மேலேயே அதன் ஈரமையத்தையும் விளிம்பையும் சரியாக அறிய வேண்டும். ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் மார்ட்டி ரால்ஃப் தலைமையில் 2016இல் தொடங்கிய உளவுப் பறப்புத் திட்டம் இதற்காகவே உள்ளது. தேசியக் கடல், வளிமண்டல நிருவாகத்தின் கல்ஃப்ஸ்ட்ரீம் 4 விமானமும் விமானப்படையின் சி-130 விமானங்களும் குளிர்காலத்தில் பசிபிக் மேல் பறந்து டிராப்சோண்டுகளை விடுகின்றன. 2018 முதல், ஸ்கிரிப்ஸ் நிறுவனத்துக்கு வந்துவிட்ட ஹாஸ் குழுவினரின் மறைப்புப் பெறுவியும் உடன் பறக்கிறது. ஜி.பி.எஸ் மட்டுமன்றி, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ தொகுதிகளின் குறிகைகளையும் ஏற்கும் பெறுவிகள் வந்தபின் ஒரு பறப்பில் கிடைக்கும் மறைப்புகள் பெருகின. பக்கவாட்டில் தனி ஆண்டெனாக்களைப் பொருத்த வேண்டியிருந்த நிலை மாறி, விமானத்தின் மேற்புற ஆண்டெனாவைக் கொண்டே அளக்கும் நிலை வந்துள்ளது. இது சிறு மாற்றமாகத் தோன்றலாம். விமானத்தின் உடலில் துளையிட வேண்டுமா வேண்டாமா என்பதே எத்தனை விமானங்களில் இம்முறை செல்லும் என்பதைத் தீர்மானிக்கும்.

டிராப்சோண்டுகள் வளிமண்டல ஆற்றின் குறுக்கே வரிசையாக ஒரு வெட்டுமுகத்தைத் தருகின்றன. மறைப்புகள் அந்த வெட்டுமுகத்தின் இருபுறமும் விரிந்து, ஆற்றின் நெடுக்கையும் அதனைச் சூழ்ந்த உலர்காற்றையும் காட்டுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. காற்றின் திசையையும் வேகத்தையும் மறைப்பு கூறாது. அலைப்பாதை நெடுக ஏறத்தாழ 200 முதல் 300 கிலோமீட்டர் வரையிலான காற்றின் சராசரியையே அது தருவதால், கூர்மையான விளிம்பு மங்கலாகத் தெரியும். உயரவாக்கில் மட்டும் சில நூறு மீட்டர் நுணுக்கம் உண்டு.

மாதிரிக்குள் தரவைச் செலுத்துதல்

எண்முறைக் கணிப்பு மாதிரி, வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பகுத்து, இப்போதைய நிலையிலிருந்து வருநிலையைக் கணக்கிடுகிறது. புதிய அளவீடு வரும்போது, மாதிரியின் நிலையை அதற்கேற்பத் திருத்துவது தரவு உள்ளீர்ப்பு. தொடக்கத்தில் விலகுதிறனைத் தொடுபுள்ளியில் அளந்த தனியெண்ணாகக் கொண்டனர். மேலே கூறிய ஏணி போன்ற சாய்வாலும், அலை கடக்கும் நெடுந்தொலைவாலும் இது பொருந்தவில்லை. ஈரப்பட்டையின் விளிம்பில் குறிப்பாகப் பிழைபட்டது. இப்போது மாதிரியின் காற்றுக்குள்ளேயே ஓர் அலையைச் செலுத்தி, அது எவ்வளவு வளையும் எனக் கணக்கிட்டு, அளந்த வளைகோணத்துடன் ஒப்பிடும் இருபரிமாண முறைகள் உருவாகியுள்ளன. கணிப்பொறிக்குச் சுமை மிகுதி. இயற்பியலுக்கு நேர்மை மிகுதி.

ஒரு தடை இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. கடலின் மேல் சில இடங்களில், தாழ்வான ஈர அடுக்குக்கு மேலே உலர்ந்த வெப்பக்காற்று மூடிபோல் படிந்திருக்கும். விலகுதிறன் கிலோமீட்டருக்கு 157 அலகுக்கு மேல் குறையுமானால், அலையின் வளைவு புவியின் வளைவை விஞ்சிவிடும். அலை அவ்வடுக்குக்குள் சிக்கிக்கொள்ளும். அந்நிலையில் கணக்கிட்ட விலகுதிறன் உண்மையைவிடக் குறைவாகவே வரும். இத்தகைய அடுக்குக்குக் கீழுள்ள அளவுகளை ஐயத்துடன் நோக்குவதே முறை.

வங்கக் கடலை நோக்கி

வங்கக் கடலின் தாழ்வழுத்த அமைப்புகளுக்குள் சென்று டிராப்சோண்டு விடும் ஆய்வு விமானம் இந்தியாவில் வழக்கமான பணியில் இல்லை. கடற்கரை ரேடார்களும் மிதவைகளும் செயற்கைக்கோள்களும் துணை. ஆகவே பயணிகள் விமானங்களின் வழியே இம்முறையைக் கொணரலாமா என்னும் எண்ணம் எழுவது இயல்பு. முதலில் ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்கள் இதற்குப் பயன்படா. அவை புவியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றி, இந்தியப் பகுதியின் வானில் எப்போதும் தெரியும்படி அமைக்கப்பட்டவை. வங்கக் கடலின் மேலுள்ள விமானத்திலிருந்து பார்த்தால் அவை மறைவதே இல்லை. மறையாத பொருளால் மறைப்பு நிகழாது. வழிகாட்டுதலில் அவற்றின் சிறப்பு எதுவோ, அதுவே இங்குத் தடையாகிறது. உதித்து மறையும் ஜி.பி.எஸ், குளோனாஸ், கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையே நம்ப வேண்டும்.

ஜி.பி.எஸ் தொகுதியின் ஏறத்தாழ 30 செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ஒரு நாளில் இருமுறை உதித்து இருமுறை மறைவதாகத் தோராயமாகக் கொண்டால், ஓரிடத்துக்கு மணிக்கு 5 மறைப்புகள் வரும். மற்றத் தொகுதிகளையும் சேர்த்தால் அது பலமடங்காகும். சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் விமானம் இரண்டு மணி நேரத்தை ஒட்டிக் கடல்மேல் பறக்கிறது. அதன் பாதைக்கு இருபுறமும் 400 கிலோமீட்டர் என்பது தென்மேற்கு வங்கக் கடலின் பெரும்பகுதி. ஆனால் பயணிகள் விமானத்தின் வழக்கமான பெறுவி இடத்தை மட்டும் கூறிவிட்டு, கட்ட அளவீட்டைச் சேமிக்காமல் விட்டுவிடும். அதனைச் சேமிக்கும் பெறுவி, விமானத்திலிருந்து உடனுக்குடன் தரவை இறக்கும் இணைப்பு, பாதுகாப்புச் சான்று ஆகியவை வேண்டும். ஏறுதலும் இறங்குதலும் அடிக்கடி நேரும் குறும்பயணத்தில் அரை மணி நீளும் மறைப்புகளில் எத்தனை முழுமையாகும் என்பதும் ஆராயத்தக்கது.

இவற்றுள் கடைசி வினாவுக்கு விடைகாண விமானமே வேண்டியதில்லை. செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைத் தரவுகள் எவரும் பெறத்தக்க வகையில் வெளியிடப்படுகின்றன. விமானங்களின் கால அட்டவணையும் அவ்வாறே. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு, நாளொன்றுக்கு எத்தனை மறைப்புகள் எத்திசையில் விழும், அவற்றின் தொடுபுள்ளிகள் தாழ்வழுத்த மண்டலங்களின் வழக்கமான தடத்தைத் தொடுகின்றனவா என்பதை ஒரு முனைவர் பட்ட மாணவர் தம் மேசைக் கணிப்பொறியிலேயே கணக்கிட்டுவிடலாம். எந்த வழித்தடத்து விமானத்தில் முதலில் பெறுவியைப் பொருத்துவது என்னும் கேள்வியை அக்கணக்கு முடிந்த பின்னர் எடுத்துக்கொள்ளலாம்.